எஃகுக் கச்சை

எங்கள் கிரகத்துக்கு மருதம் என்று பெயர். வைத்தவர் கீழே இறங்கிப் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். வயலும் வாய்க்காலும் இருக்கும் என்று நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது செம்மண்ணும், தண்ணீர் ஓடாத ஓர் ஆறும், கறையானும்தான்.

கறையான் என்றால் நிஜக் கறையான் இல்லை. எங்களுக்கு முன்னால் கனிமம் தோண்ட வந்த ஏதோ ஒரு நிறுவனம் விட்டுவிட்டுப் போன இயந்திரப் பூச்சிகள். உள்ளங்கை அளவு இருக்கும். ஆறு கால், அரம் போல வாய். உலோகத்தை மோப்பம் பிடித்துத் தின்று, தின்றதை வைத்துத் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துவிடும். நிறுவனம் திவாலாகி மூட்டை கட்டியது. பூச்சிகளுக்கு அந்தத் தகவலை யாரும் சொல்லவில்லை.

இவற்றிடமிருந்து ஊர்களைக் காக்கப் படை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, முதல் குடியேறிகளில் ரோமாபுரி வரலாற்றில் பித்துப் பிடித்த ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைத் திட்டக்காரர் என்போம். ரோமாபுரியின் கடைசி நூற்றாண்டுகளில் படையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்களாம். ஆற்றங்கரைக் கோட்டைகளில் பெண்டு பிள்ளைகளோடு குடியிருந்து காவல் காப்பது எல்லைப்படை. எல்லை எங்காவது உடைந்தால் ஓடிப்போய் அடைப்பதற்காக உள்நாட்டு நகரங்களில் தயாராக நிற்பது நடுப்படை. எல்லைப்படைக்குச் சோறும் குறைவு, மரியாதையும் குறைவு. படைவீரன் பிள்ளை படைவீரன்தான். திட்டக்காரர் இதை அப்படியே பிடுங்கி வந்து மருதத்தில் நட்டார். ரோமாபுரி பிறகு என்ன ஆயிற்று என்ற அத்தியாயத்துக்கு வருவதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார் என்று எங்கள் கோட்டையில் சொல்லிச் சிரிப்போம்.

அவர் சொந்தமாகச் சேர்த்தது ஒன்று உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் படைக்கும் மூன்று வேளை சாப்பாடு போட வேண்டும், ரோமாபுரியின் கஜானா அதிலேயே காலியாயிற்று என்பது அவர் கட்சி. ஆகவே நடுப்படையைக் குளிர்ப்பெட்டிகளில் தூங்க வைத்தார். பெட்டிக்குள் பசி இல்லை, வயதும் ஏறாது. தேவைப்படும்போது எழுப்புவார்கள். சண்டை முடிந்ததும் மறுபடி படுக்கை. தின்னாத படை, கிழடாகாத படை. தலைநகரமான நடுவூரில் ஒரு மலையைக் குடைந்து உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் மங்கையர்க்கரசி, கீழ்முனைக் கோட்டையின் தலைவி. என் அப்பா தலைவராக இருந்தார், ஆகவே நான். வேறு என்ன தகுதி என்று கேட்டால், எனக்குச் சுவர் எழுப்பத் தெரியும்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் கறையான் எங்கள் கோட்டைக்கு வந்தது. நடுப்படை எழுந்து வந்து, எஃகுக் குண்டுகளாகப் பொழிந்து தள்ளி, வென்று கொடுத்தது. வென்று கொடுத்தால் ஆள் கேட்கும், அதுதான் சட்டம். காக்கப்பட்ட படை காத்த படைக்கு ஓர் ஆள் தரும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாட்டாகவே பாடுவார்கள். அந்த முறை சீட்டு விழுந்தது என் கணவர் சேந்தனுக்கு. அவருக்கு இருபத்தாறு வயது, எனக்கு இருபத்தைந்து, எங்கள் மகள் செவ்வந்தி கைக்குழந்தை. "வர்றேன் மங்கை" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நடுவூரில் அவருக்குக் கவசம் மாட்டி, இடுப்பில் எஃகுக் கச்சை கட்டிப் பெட்டியில் படுக்க வைத்தார்கள்.

அந்தக் கச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோமாபுரியிலும் இடுப்புக் கச்சைதான் படைவீரனின் அடையாளமாம். எல்லோர் எதிரிலும் அதைக் கழற்ற வைப்பது பெரிய அவமானமாம். நடுப்படைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெட்டிக்குள் தூங்கும்போதும் கழற்ற மாட்டார்கள். எங்களுக்கு நூல் கச்சை. வியர்வை துடைக்கவும் ஆகும்.

சேந்தன் போன அடுத்த வருடம் நடுவூர் ஆட்கள் வந்து எங்கள் எஃகுக் கதவைக் கழற்றினார்கள். நடுப்படையின் கவசத்துக்கு வேண்டுமாம். பிறகு மதில் தகடு போயிற்று. பிறகு தண்ணீர்க் குழாய். பிறகு ஏர்க்கொழு. கடைசியில் வீடு வீடாகப் புகுந்து அரிவாள்மனையைக்கூட விடவில்லை. ஒவ்வொன்று போகும்போதும் நாங்கள் மண்ணில் ஒன்று செய்துகொண்டோம். மண் மதில், சுட்ட மண் குழாய், மண் சக்கரம் வைத்த வண்டி. கீரையைக் கல்லால் நறுக்கினோம். மதிலுக்கு மண் எடுத்து எடுத்து, கோட்டைக்கு மேற்கே கோட்டை அளவுக்கே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

எஃகு என்று எங்களிடம் மிஞ்சியது புகைக் கம்பத்தின் தண்டு ஒன்றுதான். கம்பி வழித் தந்தியெல்லாம் கறையானுக்கு எப்போதோ விருந்தாகிவிட்டதால், ஆபத்து என்றால் புகை போடுவோம். அடுத்த கோட்டை பார்த்துவிட்டுப் புகை போடும். அப்படியே நடுவூர் வரை போகும்.

இந்த வருடம் ஒருநாள் மதிலில் காவல் நின்றவன் சவரிமுத்து. என் துணைத் தலைவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்தான், பதவிக்கு மரியாதை கொடுத்து அக்கா என்பான்.

"அக்கா, ஆறு ஓடுது" என்றான்.

ஏறிப் போய்ப் பார்த்தேன். கிழக்கே, தண்ணீரே காணாத ஆற்றில் வெள்ளி வெள்ளியாக ஏதோ நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கரைக்குக் கரை நிறைந்திருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நடுப்படை பொழிந்த குண்டுகளைத் தின்று பிழைத்த சில பூச்சிகளின் பேரப்பிள்ளைகள்தான் இத்தனையும்.

"புகை போடு" என்றேன்.

சவரிமுத்து நகரவில்லை. "போடாம விட்டா என்னக்கா? நடுப்படை வந்து சண்டை போட்டா ஆள் கேப்பான். நடுப்படைக்காரன் பிள்ளை நடுப்படைக்குத்தான்னு ஒரு சட்டம் வச்சிருக்கானுங்க. இந்தத் தடவை சீட்டுகூடப் போட மாட்டானுங்க. நேரா செவ்வந்தியத்தான் கேப்பானுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நமக்குப் பின்னால ஒம்பது ஊரு இருக்கு சவரி. என் பொண்ணுக்காக அத்தனை பேரையும் பணயம் வைக்க முடியாது. போடு."

ஒருவரைப் பெட்டியில் போட்டாகிவிட்டது. இப்போது மகளையும் போட்டுவிட்டால், நான் கிழவியாகிச் செத்த பிறகு ஒருநாள் அவள் இருபத்திரண்டு வயதிலேயே எழுந்து என் சமாதியைத் தேடுவாள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு நடுவூரில் சிலை வைத்திருக்கிறார்கள்.

செவ்வந்தி சாந்து குழைத்த கையோடு மதிலேறி வந்தாள். என்னைவிடப் பெரிய கொத்தனார் அவள். பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, வந்த படை சண்டை போடாமலே திரும்பிப் போனா ஆள் கேக்க முடியுமா?"

"முடியாது. காத்தாத்தானே கேக்கலாம்."

"அப்ப அவங்க வந்து சேர்றதுக்குள்ள நாம முடிச்சுட்டா?"

"எதை வச்சு முடிப்ப?"

"எப்பவும் முடிக்கிற மாதிரிதான். படையல் போடுவோம்."

கறையான் ஒன்றிரண்டாக வழிதவறி வரும்போது நாங்கள் செய்யும் வேலைக்குப் படையல் என்று பெயர். ஒரு குழியில் துளி இரும்பைப் போட்டு வைப்போம். மோப்பம் பிடித்து இறங்கும். மேலே இருந்து சுண்ணாம்புச் சாந்தைக் கொட்டி மூடிவிடுவோம். கால் ஆறும் மாட்டிக்கொள்ளும், வெயிலில் கல்லாகிவிடும். கறையானுக்கு மண் பிடிக்காது, மரம் பிடிக்காது, மனுஷனும் பிடிக்காது. ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே என்று பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை கேட்பார்கள். அவ்வளவு கொஞ்சத்துக்கு அது வாயைத் திறக்காது.

ஆனால் அதெல்லாம் ஒன்றிரண்டுக்கு. இது ஓர் ஆறு. நான் பள்ளத்தைப் பார்த்தேன். செவ்வந்தியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகை எழுந்தது. கோட்டை முழுவதும் சாந்து குழைக்க இறங்கியது. பிரசவத்துக்கு நாள் பார்த்திருந்தவள்கூட உட்கார்ந்தபடியே சுண்ணாம்பு சலித்தாள். தண்ணீர்த் தொட்டிகளையெல்லாம் சாந்துத் தொட்டிகளாக்கினோம். பள்ளத்தின் விளிம்பில் மண் குழாய்களைத் திருப்பி வைத்தோம். கடைசியாகப் புகைக் கம்பத்தின் எஃகுத் தண்டைப் பிடுங்கிப் பள்ளத்தின் நடுவே நட்டோம். எங்கள் படையலுக்கு அது ஒன்றுதான் பட்சணம்.

பூச்சிகள் வந்து சேர்ந்த காலையில் எல்லோரும் குழாய்களைப் பிடித்தபடி நின்றோம். அந்த ஆறு கோட்டையை நெருங்கியது. மதிலை முட்டியது, தடவிப் பார்த்தது. இரண்டாகப் பிரிந்து மதிலின் இரு பக்கமும் வழிந்து, மறுபுறம் ஒன்றாகச் சேர்ந்தது. பள்ளத்தில் நின்ற தண்டை ஒரு கைப்பிடிப் பூச்சிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. மற்றவை அதைச் சட்டையே செய்யாமல் மேற்கே போய்க்கொண்டிருந்தன.

சவரிமுத்துதான் முதலில் சிரித்தான். "திருடன் வந்து பாத்துட்டு, ஐயோ பாவம்னு நாலு காசு வச்சுட்டுப் போன வீடு மாதிரி ஆயிப்போச்சுக்கா நம்ம வீடு."

கோட்டையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கதவையும் குழாயையும் அரிவாள்மனையையும் பறித்தவர்களைச் சபித்திருக்கிறோம். அவர்கள் பறித்துப் பறித்து எங்களைத் தின்னத் தகுதியில்லாதவர்களாக ஆக்கியிருந்தார்கள். கறையானுக்கு நாங்கள் வெறும் மண்மேடு. சண்டையே இல்லை, ஆகவே ஆள் கொடுப்பதும் இல்லை. செவ்வந்தி என் வீட்டிலேயே இருப்பாள்.

பிறகுதான் மேற்கே பார்த்தேன்.

ஆற்றின் மேல்வளைவில் வெயில் பட்டு ஏதோ மின்னியது. நடுப்படை. கவச வண்டிகள், எஃகுத் தொப்பிகள், எங்கள் கதவுகள், எங்கள் குழாய்கள், எங்கள் அரிவாள்மனைகள் எல்லாம் உருகி உருமாறி அணிவகுத்து வந்துகொண்டிருந்தன. மருதத்தின் மொத்த எஃகும் ஒரே இலையில். கறையான் ஏன் எங்கள் தண்டைத் தொடவில்லை என்று அப்போது புரிந்தது. கல்யாண விருந்து மணக்கும்போது யார் பொரிகடலைக்கு நிற்பார்கள்?

சுடும் சத்தம் கேட்டது. எஃகுக் குண்டுகள். தூங்கி எழுந்தவர்களுக்குத் தெரிந்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய சண்டைதான். போடப் போட கறையானுக்குத் தீனி.

"கவசத்த அறுக்கும். உள்ள இருக்கிற ஆளையும் சேத்துத்தான் அறுக்கும்" என்றாள் செவ்வந்தி.

சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, சொல்றதக் கேளுங்க. போகாதீங்க. இப்ப நமக்கு ஒரு பாவமும் இல்ல. அங்க போய் நாம நின்னு, அவங்க ஜெயிச்சுட்டாங்கன்னு வைங்க. கீழ்முனையத்தான் காப்பாத்துனோம்னு சொல்லுவாங்க. செவ்வந்தி போயிருவா. தானா தப்பிச்ச பொண்ண நீங்களே தூக்கிக் குடுக்காதீங்க."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எந்தக் கோட்டைக்குப் படை போகிறதோ, அந்தக் கோட்டையில் பிறந்த ஒருவரை வழிகாட்டியாக எழுப்புவது வழக்கம். கீழ்முனையில் பிறந்து பெட்டியில் கிடப்பவர் ஒருவர்தான். அதை அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மட்டும் அல்ல காரணம். எல்லைப்படை என்று பெயர் வாங்கிக்கொண்டு மதிலில் நின்று மனுஷர் அறுபடுவதை வேடிக்கை பார்த்தால், பிறகு எந்த முகத்தோடு நான் இடுப்பில் கச்சை கட்டுவேன்?

நான் மகளைப் பார்த்தேன். போகும் உயிர் அவளுடையது, அவள்தான் சொல்ல வேண்டும்.

"பள்ளம் ரெடியா இருக்கும்மா. பட்சணம்தான் பத்தல. அது அங்க நிக்குது. போய்க் கூட்டிட்டு வருவோம்" என்றாள்.

சவரிமுத்துவைக் குழாய்களிடம் நிறுத்திவிட்டு, காதிலிருந்த சிறு வளையத்தைக்கூடக் கழற்றிவிட்டு, நூல் புடவையோடும் வேட்டியோடும் வெறுங்காலோடும் நாங்கள் நாற்பது பேர் அந்த ஆற்றில் இறங்கினோம். கணுக்கால் வரை கறையான். பூச்சிகள் எங்கள் பாதத்தை முகர்ந்தன, விலகின, வழிவிட்டன. முதல் பத்தடி உயிர் கையில் இல்லை. பிறகு சந்தைக்கூட்டத்தில் நடப்பது போலப் பழகிவிட்டது. நடுப்படையின் உயர்ந்த எஃகால் ஓர் அடி முன்னேற முடியாத இடத்தில் கீழ்முனைப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து போனார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமைப்பட்ட நேரம் வேறு இல்லை.

படை வண்டிகளை வட்டமாக நிறுத்திவிட்டு நடுவில் நின்றது. வெளிவட்டத்து வண்டிகளில் பாதி ஏற்கெனவே சல்லடை. நடுவே ஒரு வண்டிக் கூரையில் நின்றவர்தான் தளபதி இராசரத்தினம். பிறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, விழித்திருந்தது ஐம்பது வருடம் இருக்கும். வெறுங்காலோடு பூச்சிகளுக்கு நடுவே நாங்கள் வந்து நின்றதைப் பார்த்து, சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

"யாரம்மா நீங்க? எப்படி வந்தீங்க?"

"கீழ்முனைத் தலைவி. நடந்து வந்தோம். உங்க ஆளுங்க உடம்புல இருக்கிற அத்தனை இரும்பையும் கழட்டி வண்டியில போடச் சொல்லுங்க. துப்பாக்கி, கவசம், தொப்பி, எல்லாம். வண்டிகளச் சங்கிலியில கோத்து எங்க பள்ளத்துக்கு ஓட்டுவோம். பூச்சி பின்னாலயே வரும்."

"ஆயுதத்தைப் போட்டுட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"நீங்க வச்சிருக்கிறது ஆயுதம் இல்லைங்க தளபதி. சோறு."

அவர் முகம் சிவந்தது. அந்த நேரத்தில் ஓரத்து வண்டி ஒன்று சரிந்து விழுந்தது. அவர் கெட்டிக்காரர், அதற்கு மேல் வாதாடவில்லை. கவசங்கள் கழன்றன. தொப்பிகள் விழுந்தன. இருநூறு வீரர்கள் உள்ளாடையோடு நின்றார்கள். ஆனால் இடுப்பில் கச்சை அப்படியே இருந்தது. தளபதியின் இடுப்பிலும் இருந்தது.

"கச்சையையும்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. ஓர் இளைஞன், "அதுக்கு அறுத்துக்கிட்டுச் சாகலாம்" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பூச்சிகள் வட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. இடுப்பைச் சுற்றி எஃகு கட்டியவனை அவை எங்கே அறுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கச்சைய எதுக்குக் கட்டுனீங்க? ஊரக் காக்கத்தானே? காக்கிறதுக்குக் கழட்டணும்னா கழட்டணும். நாளைக்கு நான் நூல்ல ஒண்ணு கட்டி விடுறேன், அது அறுபடாது" என்று கத்தினேன்.

வரிசையின் கடைசியில் ஒருவர் திரும்பினார். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்க வேண்டும், ஏனென்றால் முகத்தில் இருபத்திரண்டு வருடம் ஏறியிருந்தது எனக்கு. அவருக்கு எதுவும் ஏறவில்லை. வண்டியில் ஏறிப் போன அதே இருபத்தாறு வயது. இடது புருவத்தில் நெருப்புச் சுட்ட அதே வடு. என்னை ஒரு கணம் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக் கொக்கியை விடுவித்தார். கச்சை வண்டிக்குள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்தது தளபதி. அதன் பிறகு கச்சைகள் மழை மாதிரி விழுந்தன.

"முன்வண்டிய யார் ஓட்டறது?" என்று தளபதி கேட்டார்.

"நான் ஓட்டறேன். இந்த ஊர் வழி எனக்குத் தெரியும்" என்றார் சேந்தன்.

"பள்ளம் உங்களுக்குத் தெரியாது. அது நீங்க போனப்புறம் வந்தது" என்று சொல்லிக்கொண்டே செவ்வந்தி தாவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் தடுக்க வாயெடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பின்னால் சங்கிலியில் கோத்த மற்ற வண்டிகள். அவற்றின் பின்னால், எங்கள் கால்களுக்கு இடையே புகுந்து ஓடிய கறையான் வெள்ளம். உடம்பில் ஊசி அளவு இரும்புகூட இல்லாமல் இருநூறு வீரர்களும் நாங்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றோம். ஒரு பூச்சிகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்குள் நடந்ததைச் செவ்வந்தி பிறகு சொன்னாள். பூச்சிகள் தளத்தை அறுக்கும் சத்தம் காலடியில் கேட்டதாம். அவர் ரோட்டைத் தவிர எதையும் பார்க்காமல் ஓட்டினாராம். "உங்க அம்மா யாரு?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாராம். இவள் பதில் சொல்லவில்லை. பள்ளத்தின் விளிம்பு தெரிந்ததும் ஓட்டுச்சக்கரத்தைக் கட்டிவிட்டு, "குதிங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குதித்தாளாம். பின்னாலேயே அவரும் குதித்தார். அந்த ஒரு வார்த்தையில் அவர் கேட்டதற்குப் பதில் இருந்தது.

வண்டிகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தன. ஆறு அவற்றின் மேல் அருவியாக இறங்கியது. கடைசிப் பூச்சி விளிம்பைத் தாண்டும் வரை சவரிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு குழாய்களைத் திறந்தான். கீழ்முனை முழுவதும் சேர்ந்து குழைத்த சாந்து நாலா பக்கமும் இருந்து கொட்டியது. கீழே புரளல், கீறல், அரைபடும் சத்தம். சத்தம் மெல்ல மெல்ல மந்தமாகி, மாலை வெயிலில் ஒரு பெரிய வெள்ளைத் தரை மட்டும் மிஞ்சியது. குழந்தைகள் அதன் மேல் ஓடிப் பார்த்தார்கள். தாங்கியது.

அப்போது எழுந்த சத்தத்தை என்னால் எழுத்தில் கொடுக்க முடியாது. குலவை போட்டார்கள். முறத்தைத் தட்டினார்கள். உள்ளாடையோடு நின்ற நடுப்படை வீரர்களை எங்கள் பெண்கள் இழுத்துக்கொண்டு போய்ப் பாவாடையோ போர்வையோ கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். பறித்துப் போன அத்தனை எஃகும் எங்கள் பள்ளத்துக்கே திரும்பி வந்திருந்தது.

கொண்டாட்டம் அடங்கியபோது தளபதி இராசரத்தினம் என் எதிரில் வந்து நின்றார். சவரிமுத்துவின் வேட்டியைக் கட்டியிருந்தார். அதிலும் நிமிர்ந்துதான் நின்றார்.

"தலைவி, சட்டப்படி ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

சவரிமுத்து செவ்வந்திக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "ஐயா, நீங்க எங்க சண்டை போட்டீங்க? வேட்டிய அவுத்துக் குடுத்தவன் நான்" என்றான்.

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் தளபதி. "காக்கப்பட்ட படை காத்த படைக்கு ஓர் ஆள் தரும். இத்தனை வருஷத்துல எத்தனையோ கோட்டையில நின்னு நான் இந்த வரியைச் சொல்லியிருக்கேன். எப்பவும் காத்தவன் நானாத்தான் இருந்தேன். இன்னைக்கு என் படை காக்கப்பட்டுது. நீங்க ஆள் கேக்கணும். கேளுங்க, நான் தர்றேன்."

திட்டக்காரர் அந்த வரியை எழுதும்போது இப்படி ஒரு நாளை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். ஆனால் எழுதியது எழுதியதுதான்.

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். சேந்தன் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு போர்வையைப் போர்த்தியபடி நின்றுகொண்டிருந்தார்.

"கேக்கிறேன். ஆனா முதல்ல அந்த ஆளக் கேட்டுட்டுக் கேக்கிறேன். போன தடவ அவர யாரும் கேக்கல" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன். எப்போதும் 'என்னங்க' என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வயது முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை. "உங்களுக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்குத் தூக்கம் போதும்" என்றார் சேந்தன்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. தலைவி என்பதால் சிரிப்பை மட்டும் வெளியே விட்டேன்.

அன்று நடுப்படை முழுவதும் எங்கள் வீடுகளில் தங்கியது. அதற்கும் ரோமாபுரிச் சட்டம்தான். வீட்டை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் பாகத்தை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். இரண்டாவதைப் படைவீரர் தேர்ந்தெடுப்பார். மிச்சம் மறுபடி வீட்டுக்காரருக்கு. செவ்வந்தி எதையோ சாக்கிட்டுச் சவரிமுத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

சேந்தன் வாசலிலேயே நின்றார். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை அவருக்கு. உள்ளே வாருங்கள் என்று சொல்லலாமா என்று எனக்கும் தெரியவில்லை. போய் வந்தது அவருக்கு ஒரு தூக்கம், எனக்கு இருபத்திரண்டு வருடம். அவர் என் கணவரா, என் மகளின் வயதை ஒட்டிய ஒரு பிள்ளையா என்று நான் அன்று முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய அவசரமும் இல்லை, இனி அவரை யாரும் வண்டியில் ஏற்றப் போவதில்லை.

"சட்டப்படியே செஞ்சுருவோம்" என்றேன். "எனக்குப் பின்கட்டு ரூம். நீங்க ரெண்டாவது பாகத்தச் சொல்லுங்க."

அவர் கூடத்தைப் பார்த்தார், சமையல்கட்டைப் பார்த்தார்.

"சமையல்கட்டு" என்றார். "நீ இன்னும் அப்படியேதான் சமைக்கிறியா?"

"ஊரே சாட்சி. கேட்டுப் பாருங்க."

முதன்முறையாகச் சிரித்தார். போர்வையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். கல்லால் கீரையை எப்படி நறுக்குவது என்று கேட்டார், காட்டிக் கொடுத்தேன். எஃகுக் குழாய் இருந்த இடத்தில் மண்குழாயைத் தடவிப் பார்த்தார். கதவு மாறியிருந்தது, சுவர் மாறியிருந்தது, பாத்திரம் எல்லாம் மாறியிருந்தது. ஒவ்வொன்றையும் இது எங்கே, அது எங்கே என்று கேட்டுக்கொண்டேதான் சமைத்தார்.

கீரை வெந்ததும், பேச்சு வாக்கில், திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்புக்கு மேலிருந்த மாடத்தின் இடது மூலைக்குக் கையை நீட்டினார். உப்புச் சட்டி அங்கேதான் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த வீட்டைச் சுவர் சுவராக இடித்துக் கட்டியவள் நான்தான். அந்தச் சட்டியை மட்டும் நான் இடம் மாற்றவே இல்லை.